பயமுறுத்தும் எண்ணும் பார்க்க வேண்டிய எண்ணும்

காய்ச்சல், சோர்வு, வயிற்றுவலி என்று எதற்காகப் போனாலும் டாக்டர் முதலில் எழுதித் தருவது ரத்தப் பரிசோதனைச் சீட்டுத்தான். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான ரத்தத்தை எடுத்து, யந்திரத்தில் ஓட்டி, மாலைக்குள் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் பதினைந்து இருபது எண்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதில்லை. எங்கேயாவது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

ஆனால் சில வீடுகளில் அந்தக் காகிதம் இடிபோல வந்து விழுகிறது. வெள்ளை அணுக்கள் என்ற வரியில், பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு லட்சம் என்றும் ஒன்றரை லட்சம் என்றும் போட்டிருக்கிறது. மேற்கொண்டு சோதித்துப் பார்த்துவிட்டு, 'நாட்பட்ட லுகீமியா' என்கிறார் டாக்டர். ரத்தப் புற்றுநோய் என்று தமிழில் அதைக் கேட்டவுடனே வீட்டில் அடுப்பு எரிவதும் நின்றுபோகிறது. அன்று முதல் அந்தக் குடும்பத்தில் ஒரே எண்தான் பேச்சு. "போன மாதம் எண்பதாயிரம் இருந்தது, இந்த மாதம் லட்சத்தைத் தாண்டிவிட்டதாம்" என்று உறவினருக்குச் சொல்லுகிறார்கள். உறவினர், "எப்படியாவது அதைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று யோசனை சொல்லுகிறார்.

இந்த நோயை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த நிபுணர்கள், நோயாளியின் எதிர்காலத்தை முன்கூட்டி அறிவதற்கு ஒரு கணக்கு வகுக்க உட்கார்ந்தபோது, எல்லோரையும் நடுங்க வைக்கும் இந்த எண்ணை எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையலாம். அதே காகிதத்தில், யாரும் கவனியாத வேறு இரண்டொரு வரிகளில் அவர்கள் தேடியது கிடைத்தது. எந்த எண்ணைக் கண்டு பயப்படுவது, எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெரியாததனால், தேவையில்லாத மருந்தை வற்புறுத்திக் கேட்கும் குடும்பங்களும் உண்டு. தேவையான மருந்தைப் பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

பெயரிலேயே வந்த பயம்

1845-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில், கூரைக்கு ஓடு வேயும் 28 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவருடைய உடலை அறுத்துப் பார்த்த ஜான் ஹியூஸ் பென்னெட் என்ற வைத்தியர், ரத்தம் சீழ் கலந்ததுபோல் வெளுத்திருப்பதைக் கண்டார். ரத்தமே சீழ் பிடித்துவிட்டது என்று அவர் எண்ணினார். அதே ஆண்டில் பெர்லின் நகரில், ருடால்ப் பிர்க்கோ என்ற 24 வயது வைத்தியர், ஐம்பது வயதுச் சமையற்காரி ஒருத்தியின் உடலில் இதே காட்சியைக் கண்டார். இது சீழ் அல்லவென்றும், ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் வெள்ளை அணுக்கள் அளவு கடந்து பெருகிவிட்டன என்றும் அவர் சொன்னார். 1847-இல் இந்த நோய்க்கு 'லுகீமியா' என்று பெயரும் இட்டார். கிரேக்க மொழியில் அதற்கு வெள்ளை ரத்தம் என்று பொருள்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது வெண்மை; ஆகவே பெயரும் வெண்மையின் மேல் அமைந்தது. பெயர் அப்படி அமைந்துவிட்டதனால், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையே நோயின் அளவு என்ற எண்ணமும் அதனுடன் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் ஜெர்மனி தேசத்து பால் எர்லிக் சாயங்களைக் கொண்டு அணுக்களுக்கு நிறமூட்டிப் பிரித்தறியும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான், வெள்ளை அணுக்களில் பல ஜாதிகள் உண்டென்பதும், லுகீமியா ஒரே நோய் அல்ல என்பதும் விளங்கலாயின.

சில லுகீமியாக்கள் சில வாரங்களிலேயே ஆளை வீழ்த்தக் கூடியவை. அவற்றைப் பற்றி இங்கே நாம் பேசவில்லை. மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் வளரும் நாட்பட்ட லுகீமியாக்களில் முக்கியமானவை இரண்டு. லிம்போஸைட் என்ற சிறிய வெள்ளை அணுக்கள் பெருகுவது ஒன்று. இது முதியோருக்கே பெரும்பாலும் வருவது. மேல்நாடுகளில் மிகுதி, நம் தேசத்தில் குறைவு. மற்றொன்று மைலாய்டு என்ற வகுப்பைச் சேர்ந்த அணுக்கள் பெருகுவது. நம் தேசத்தில் அடிக்கடி காணப்படுவது இதுதான். அதுவும் மேல்நாட்டாரைவிடப் பல ஆண்டு இளமையிலேயே, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலேயே நம்மவர்களை இது பிடிக்கிறது.

வயலும் களையும்

எதிர்காலத்தைச் சொல்லும் எண் எது என்பதை உணர, ரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தத்தின் விளைநிலம். சிவப்பு அணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுவின் ஆயுள் எட்டுப் பத்து நாள்தான். செத்தவற்றுக்கு ஈடாக நாள்தோறும் புதியவை பிறந்தாக வேண்டும். சிவப்பு அணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய இருபதினாயிரம் கோடி அணுக்களை மஜ்ஜை விளைவித்துத் தருகிறது. அறுவடை ஒரு நாளும் நிற்காத வயல் அது.

லிம்போஸைட் லுகீமியாவில் பெருகும் அணுக்கள் அந்த வயலில் முளைத்த களை. களை வரப்பில் மண்டிக் கிடக்கலாம். வாய்க்கால் ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்திருக்கலாம். அதைக் கண்டு வழிப்போக்கன், "ஐயோ, இந்த வயல் போயிற்று" என்பான். பயிர்த்தொழில் தெரிந்தவனோ வயலுக்குள் இறங்கி, நெற்பயிர் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பான். பயிர் பச்சையாக நின்றால், களை இருந்தாலும் அவனுக்கு அவசரமில்லை. பயிர் மெலிந்து வெளுத்திருந்தால், களை கொஞ்சமே தெரிந்தாலும் அவன் கவலைப்படுவான்.

ரத்தக் காகிதத்திலும் இதே கதைதான். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, வெளியே தெரியும் களை. ஹீமோகுளோபினும் தட்டணு எண்ணிக்கையும், நிற்கும் பயிர்.

ஜோத்பூரில் பிறந்தவர் வகுத்த படிகள்

இந்த உண்மையை ஒழுங்கான கணக்காக ஆக்கியவர் நம் தேசத்தில் பிறந்த ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்த காந்தி ராய் என்ற டாக்டர், அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் தொழில் செய்தவர். அவருக்கு முன்பே, 1967-இல், வில்லியம் டாமெஷெக் என்ற நிபுணர் லிம்போஸைட் லுகீமியாவைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். இந்த நோயில் அணுக்கள் வெறி கொண்டு பெருகுவதைவிட, சாக வேண்டிய அணுக்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் முக்கியம் என்பது அவர் கருத்து. பழைய சாமான்களை எறியாத வீட்டில் அறை அறையாகப் பண்டங்கள் அடைந்துபோவது போன்றது அது.

அப்படிச் சேர்ந்துகொண்டே போவதானால் அதற்கு ஒரு வரிசை இருக்க வேண்டுமல்லவா? ராயும் அவருடைய கூட்டாளிகளும் 125 நோயாளிகளின் சரித்திரத்தை ஆராய்ந்து, 1975-இல் அந்த வரிசையைப் படிகளாக வகுத்துப் பிரசுரித்தார்கள். ரத்தத்திலும் மஜ்ஜையிலும் லிம்போஸைட்டுகள் மிகுந்திருப்பது மட்டும் பூஜ்யப் படி. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டியிருப்பது முதற்படி. மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருப்பது இரண்டாம் படி. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் மூன்றாம் படி. தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் நான்காம் படி.

எவ்வளவு எளிய சோதனை என்று பாருங்கள்! டாக்டரின் கைவிரல்கள் கழுத்தையும் வயிற்றையும் தடவிப் பார்க்கின்றன. ரத்தக் காகிதத்தின் இரண்டு வரிகள் மற்றதைச் சொல்லுகின்றன. சின்னஞ்சிறு ஊரிலுள்ள ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்துவிடலாம். ஆனால் அது பிரித்துக் காட்டிய வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அன்றிருந்த சிகிச்சையில், பூஜ்யப் படியில் இருந்தவர்களில் பாதிப்பேர் 150 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். முதற்படிக்கு அந்தக் கணக்கு 101 மாதம்; இரண்டாம் படிக்கு 71 மாதம். மூன்றாம், நான்காம் படிகளிலோ 19 மாதந்தான். 1981-இல் பாரிஸ் நகரத்து ழாக் பினே என்பவர் இதையொட்டியே மூன்று வகுப்புள்ள வேறொரு முறையை வகுத்தார். அதிலும் கடைசி வகுப்பைத் தீர்மானிப்பவை ஹீமோகுளோபினும் தட்டணுக்களும்தான். இரண்டு முறைகளும் இன்றுவரை உலகெங்கும் வழங்கி வருகின்றன.

நோயைக் கண்டறிய லிம்போஸைட்டுகள் மிகுந்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவை ஐம்பதினாயிரமா, ஒன்றரை லட்சமா என்ற கேள்வி ராயின் படிகளிலும் இல்லை, பினேயின் வகுப்புகளிலும் இல்லை. அந்த எண் ஒன்றை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பது இன்றைய சர்வதேச நிபுணர்களின் ஏகோபித்த விதி.

எண்ணும் அதன் நடையும்

அப்படியானால் வெள்ளை அணு எண்ணிக்கையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், அதுவும் சரியன்று. எண்ணைவிட எண்ணின் நடையைக் கவனிக்க வேண்டும். 1986-இல் பார்ஸலோனா நகரத்து மொன்ட்செராட் என்பவரும் கூட்டாளிகளும், லிம்போஸைட்டுகள் இரு மடங்காவதற்கு எத்தனை காலம் பிடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே இரட்டித்தவர்களுக்கு நோய் வேகமாக முற்றியது. அதற்கு மேல் காலம் பிடித்தவர்களுக்கு நிதானமாகவே நடந்தது. ஆகவே மூன்று ஆண்டாகத் தொண்ணூறாயிரத்திலேயே நின்றுகொண்டிருப்பவரைவிட, முப்பதாயிரத்திலிருந்து எட்டு மாதத்தில் அறுபதாயிரத்துக்கு ஏறியவரைப் பற்றித்தான் டாக்டர் அதிகமாகச் சிந்திப்பார்.

இதிலிருந்து வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புதுக் காகிதம் வந்ததும் பழையதைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஒற்றைக் காகிதம் ஒரு நாளின் நிலைமையைத்தான் சொல்லும். பத்துக் காகிதங்கள் தேதி வரிசையில் இருந்தால் நோயின் நடையே தெரிந்துவிடும். அதற்கு மேலான பரிசோதனை அநேக சமயங்களில் தேவைப்படுவதில்லை.

வேறொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2014-இல் இந்த நோய்க்காக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இப்ருட்டினிப் என்ற மருந்தைச் சாப்பிடத் தொடங்கியவுடன், பலருக்கு வெள்ளை அணு எண்ணிக்கை குறையாமல் ஏறிவிடுகிறது! நெறிக்கட்டிகளில் பதுங்கியிருந்த அணுக்கள் அங்கிருந்து கலைந்து ரத்தத்துக்கு வந்துவிடுவதே காரணம். கழுத்துக் கட்டி கரைகிறது. நோயாளி தெம்பாக நடமாடுகிறார். காகிதம் மட்டும் பயமுறுத்துகிறது. விஷயம் தெரியாதவர்கள் மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடும் அல்லவா?

காத்திருக்கும் சிகிச்சை

படிகள் வகுத்ததனால் கிடைத்த பெரிய லாபம், காத்திருக்கும் துணிவு. புற்றுநோய் என்றால் உடனே மருந்து என்பதுதான் உலக வழக்கம். "நோய் இருக்கிறது, ஆனால் இப்போது மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் எந்தத் தாய்க்கு மனம் ஆறும்? எந்த மகன் வேறு டாக்டரைத் தேடி ஓடாமல் இருப்பான்?

ஆயினும் பரீட்சித்துப் பார்த்த உண்மை அதுதான். பிரெஞ்சு தேசத்து வைத்தியர்கள் ஆரம்ப வகுப்பிலிருந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் குளோராம்புசில் என்ற மருந்தை உடனே கொடுத்தார்கள். மற்றப் பிரிவினரைக் கவனித்து மட்டும் வந்தார்கள். 1998-இல் முடிவு வெளியாயிற்று. உடனே மருந்து தின்றவர்கள் அதனால் அதிக நாள் வாழவில்லை. மருந்து பழையது, அதனால்தான் அப்படி என்று சொல்லக் கூடும். ஆனால் இப்ருட்டினிபைக் கொண்டு ஜெர்மனியில் நடத்திய சோதனையிலும், ஆரம்ப நிலையிலேயே மருந்து கொடுத்ததனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. இந்த நோயுள்ளவர்களில் ஒரு பகுதியினர் ஆயுள் முழுவதும் மருந்தே தேவைப்படாமல், வேறு ஏதோ காரணத்தால் முதுமையில் கண்ணை மூடுகிறார்கள்.

காத்திருப்பது சும்மா இருப்பதாகாது. குறித்த நாளில் போய் ரத்தம் கொடுப்பதும், நெறிக்கட்டிகளையும் மண்ணீரலையும் பார்க்கச் செய்வதும், காரணமில்லாமல் உடல் இளைத்தாலோ, இரவில் ஆடை நனைய வியர்த்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ தாமதியாமல் தெரிவிப்பதும் இதில் அடங்கும். ஹீமோகுளோபினும் தட்டணுவும் இறங்கத் தொடங்குவதுதான் காத்திருப்பு முடிந்துவிட்டது என்பதற்கு முக்கியமான அறிகுறி.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹீமோகுளோபின் குறைந்தவுடனே நோய் மூன்றாம் படிக்கு வந்துவிட்டது என்று தீர்மானித்துவிடலாகாது. இரும்புச் சத்துக் குறைவினால் வரும் ரத்த சோகை நம் தேசத்தில், முக்கியமாகப் பெண்களிடையே, எவ்வளவு சாதாரணம் என்பது யாவரும் அறிந்ததே. மூலத்திலோ வயிற்றுப் புண்ணிலோ ரத்தம் கசிந்தாலும் ஹீமோகுளோபின் இறங்கும். மேலும் லிம்போஸைட் லுகீமியா உள்ளவர்களில் சிலருக்கு, உடலே தன் சிவப்பு அணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுவதும் உண்டு. அதற்குச் சிகிச்சை வேறு. பயிர் வெளுத்ததற்குக் களைதான் காரணமா, அல்லது தண்ணீர் போதவில்லையா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். எளிய பரிசோதனைக்கும் தேர்ந்த அறிவு துணை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

1999-க்குப் பிறகு, நோயணுக்களின் ஜீன்களைச் சோதித்து எதிர்காலத்தை இன்னும் நுட்பமாகச் சொல்லும் முறைகளும் வந்திருக்கின்றன. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் சமயத்தில் அவை மிக முக்கியம். எனினும் 2016-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி வகுத்த புதிய அளவுகோலில், ஜீன் சோதனை இரண்டுடன் வயதையும், ராய் அல்லது பினே வகுத்த படியையும், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற ஒரு புரதத்தின் அளவையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் புரதத்தை அளப்பதற்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும்.

மருந்து மாறினால் சகுனமும் மாறும்

இனி நம் தேசத்தில் மிகுதியாகக் காணும் மைலாய்டு லுகீமியாவுக்கு வருவோம். இதில் வெள்ளை அணுக்கள் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று ஏறிவிடுவது சாதாரணம். லிம்போஸைட் நோயைப்போல் இதில் காத்திருக்கலாகாது. கண்டவுடன் சிகிச்சை தொடங்க வேண்டும். ஆனால் எதிர்காலத்தைக் கணிக்கும் விஷயத்தில், இங்கேயும் அந்த லட்சக்கணக்கான எண்ணுக்கு இடமில்லை.

1984-இல் அமெரிக்க வைத்தியர் ஜோசப் ஸோகல், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த 813 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஒரு சூத்திரம் அமைத்தார். அதற்கு வேண்டியவை நான்கே: வயது, விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பது, தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தில் பிளாஸ்ட் என்ற முதிராத அணுக்கள் நூற்றுக்கு எத்தனை என்பது. பிளாஸ்டுகள் மஜ்ஜையை விட்டு வெளியே வரக் கூடாதவை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய குழந்தைகள் கடைவீதியில் திரிவது போன்றது அவை ரத்தத்தில் காணப்படுவது. நான்கையும் சூத்திரத்தில் இட்டு, நோயாளிகளை அபாயம் குறைந்தவர், நடுத்தரமானவர், அபாயம் மிகுந்தவர் என்று மூன்று வகுப்பாக்கினார் ஸோகல்.

அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் பெரும்பாலும் நாலைந்து ஆண்டுதான் வாழ்ந்தார்கள். பிறகு நிலைமை அடியோடு மாறிற்று. இந்த நோயணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்ற இருவர் கண்டிருந்தார்கள். 9-ஆவது குரோமோசோமும் 22-ஆவது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதே அதற்குக் காரணம் என்று 1973-இல் ஜானெட் ரௌலி என்ற பெண்மணி கண்டுபிடித்தார். அந்த மாற்றத்தால் பிறக்கும் கெட்ட புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் என்ற மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அந்த மாத்திரையை முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தபோது, அதைச் சாப்பிடத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுக்குப் பிறகும் உயிருடன் இருந்தார்கள்.

இந்தப் புது யுகத்தில் ஸோகலின் சூத்திரம் பொருந்துமா என்று பார்த்தவர்கள், 2016-இல் வேறொரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதிலும் அதே நான்கு விவரங்கள்தான். ஆனால் அவற்றின் எடை மாறிவிட்டது. வயதுக்கு இருந்த முக்கியத்துவம் குறைந்தது. தட்டணு விஷயத்தில் இன்னும் விசித்திரம்: ஸோகலின் கணக்கில் தட்டணு மிகுந்தால் அபாயம் மிகுதி, புதிய கணக்கில் தட்டணு குறைந்தால்தான் அபாயம் மிகுதி. ரத்தம் அதே ரத்தம்; எண்ணும் அதே எண். மருந்து மாறியவுடன், நேற்றுக் கெட்ட சகுனமாக இருந்தது இன்று அப்படி இல்லாமல் போயிற்று. பழைய புத்தகத்தைப் புரட்டியோ, முப்பது ஆண்டுக்கு முன் இதே நோயால் மாண்ட உறவினரை நினைத்தோ, இன்றைய நோயாளிக்கு நாள் குறிப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மருந்து தொடங்கியபின் கவனிக்க வேண்டிய எண்ணும் வேறு. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டபின் ரத்தம் எடுத்து, கெட்ட ஜீனின் சுவடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். அது நூற்றுக்குப் பத்து அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. இறங்காவிட்டால் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிட்டீர்களா?" என்பதுதான். வெள்ளை அணுக்கள் சில வாரங்களிலேயே பதினாயிரத்துக்குள் வந்துவிடுவதனால், நோய் போய்விட்டது என்று எண்ணி மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பெரிய எண் பயமுறுத்திக் கெடுத்தது; இங்கே சிறிய எண் சமாதானம் சொல்லிக் கெடுக்கிறது.

மாத்திரையை விடுவதற்கு விலையும் ஒரு காரணமாக இருந்தது. இமாடினிபைக் கண்டுபிடித்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விற்றது. இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து பதினாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. வழக்கு ஏழு ஆண்டு நடந்து, 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதே முடிவைச் சொல்லிற்று. நல்ல சகுனம் பலிக்க வேண்டுமானால் மருந்து ஏழையின் கைக்கும் எட்ட வேண்டும். ஆதலால் அந்தத் தீர்ப்பும் நோயாளியின் எதிர்காலத்தைச் சேர்ந்ததே.

நடுவில் நிற்பவர் கணக்கு

கடைசியாக, 'இத்தனை மாதம்' என்று சொல்லும் கணக்கின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் பையன் ஐந்தடி இருக்கலாம். அதனால் வகுப்பில் எல்லோரும் ஐந்தடி என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாலடிப் பையனும் இருப்பான். ஆறடியை எட்டுகிறவனும் இருப்பான். முதற்படிக்கு 101 மாதம் என்று ராய் சொன்னது, அந்த வரிசையில் நடுவில் நின்றவரின் கணக்கு. பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதும் அதே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. நோய் கண்ட மனிதர் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

ஜாதகம் ஒருவருக்கென்று தனியாகக் கணிக்கப்படுவது. ஒரு முறை எழுதினால் மாறாதது. ரத்தப் பரிசோதனையின் கணிப்போ கூட்டத்தைப் பற்றியது. புது மருந்து வந்தால் மாறுவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்தி எழுதப்படுவது. இரண்டையும் ஒன்றென்று மயங்குவதனால்தான் வீட்டில் அத்தனை கண்ணீரும்.

ஆகவே இந்த நோய் கண்ட குடும்பத்தார் டாக்டரிடம் போகும்போது, "எத்தனை லட்சம்?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு சில கேள்விகளைக் கேட்பது நல்லது. இரண்டு வகை லுகீமியாவில் இது எது? லிம்போஸைட் வகையானால், ஹீமோகுளோபினும் தட்டணுவும் எப்படி இருக்கின்றன. குறைந்திருந்தால் அதற்கு இந்த நோய்தான் காரணமா? சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் நடை எப்படி? மைலாய்டு வகையானால், மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பிளாஸ்டுகள் எத்தனை, மூன்றாம் மாதச் சோதனை எந்தத் தேதியில்? இவற்றுக்குப் பதில் தெரிந்த வீட்டில் பயம் முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

பழைய காகிதங்களைத் தேதி வரிசையில் ஓர் உறையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டும்போது அவருடைய விரல் எந்த வரியில் ஓடுகிறது என்று கவனியுங்கள். இனி நீங்களும் அந்த வரியையே முதலில் பார்க்கலாம். வெள்ளை அணு வரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.